தானியங்கிக் கருவிகளும் அவற்றை இயக்கும் மனிதரும்

நம் நாட்டு ரயில் எஞ்சின்களில் ஓட்டுநரின் விழிப்பைக் கண்காணிக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவதோ, பிரேக்கைத் தொடுவதோ, ஊதலை ஒலிப்பதோ இன்றி ஏறத்தாழ 60 விநாடிகள் கழிந்தால் அவர் எதிரே ஒரு விளக்கு மினுக்கத் தொடங்கும். அதைக் கண்டு 8 விநாடிகளுக்குள் அவர் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிடில் எச்சரிக்கை ஒலி எழும். மேலும் 8 விநாடிகள் கழிந்தும் பதில் இல்லையெனில் பிரேக் தானாகவே பிடித்து வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் உறங்கிவிட்டாலும் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

நோக்கம் சிறந்ததே. ஆயினும், ஆண்டுக்கணக்கில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே பொத்தானை அழுத்திப் பழகிய கை, கருத்தின் துணையின்றியே அதைச் செய்யக் கற்றுக்கொள்கிறது. விழிப்பு குன்றிய நிலையிலும் கை தன் வேலையை முடித்துவிடக்கூடும். கை அசைந்ததா என்பதைக் கருவி அறியும். அடுத்த சிக்னலின் மீது ஓட்டுநரின் கவனம் இருக்கிறதா என்பதை அது அறியாது. மனிதனும் இயந்திரமும் ஒரே பணியைப் பங்கிட்டுக்கொள்ளும் எல்லா அமைப்புகளிலும் எழும் சிக்கலை இச்சிறு கருவியிலேயே காணலாம்.

பங்கீட்டின் பல படிகள்

மனிதன் முழுதும் கையால் செய்யும் வேலைக்கும், இயந்திரம் தானே முழுதும் செய்துகொள்ளும் வேலைக்கும் இடையே பல படிகள் உள்ளன. அமெரிக்க அறிஞர்களான ஷெரிடனும் வெர்ப்ளாங்கும் 1978-இல் இவற்றைப் பத்துப் படிகளாக வகுத்தனர். ஒரு படியில் இயந்திரம் ஆலோசனை மட்டும் கூறும், மனிதன் முடிவெடுப்பான். இன்னொரு படியில் இயந்திரம் தன் முடிவைத் தெரிவித்து, மனிதன் ஒப்பினால் செயற்படும். அதற்கும் மேலே, குறித்த நேரத்துக்குள் மனிதன் தடுத்தாலன்றித் தானே செய்து முடிக்கும். உச்சப் படியில் மனிதனைக் கேட்பதுமில்லை, அவனுக்குச் சொல்வதுமில்லை. நடைமுறையில் காணப்படும் அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை நடுப்படிகளைச் சேர்ந்தவை. விமானத்தின் தானியங்கி ஓட்டம், அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, மின் சுமைப் பகிர்வு மையம், ரயில் நிலையத்தின் சிக்னல் பலகை ஆகிய அனைத்தும் இவ்வகையினவே. இவற்றைப் பகுதித் தானியங்கி அமைப்புகள் எனலாம்.

ஆளில்லா அமைப்பு என்று பெயர் பெற்றவற்றிலும் ஆள் இல்லாமற் போவதில்லை. டில்லி மெட்ரோவின் ஒரு தடத்தில் 2020 டிசம்பரில் ஓட்டுநரற்ற வண்டிகள் தொடங்கப்பட்டன. ஆனால் வண்டியின் முன்னறையில் செய்யப்பட்ட கண்காணிப்பு, கட்டுப்பாட்டு மையத்தில் அமர்ந்திருப்போரிடம் சென்று சேர்ந்தது. இருக்கை மாறியது, பொறுப்பு ஒழியவில்லை. ஒருவர் ஒரு வண்டியைக் கவனித்த நிலை போய், சிலர் பல வண்டிகளைத் திரையில் கவனிக்கும் நிலை வந்தது என்பதே மாற்றம்.

எஞ்சி நிற்கும் வேலை

இயந்திரத்துக்கு ஏற்ற வேலை எது, மனிதனுக்கு ஏற்ற வேலை எது என்று 1951-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலார் ஒரு பட்டியல் தந்தார். திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, விரைந்த கணக்கீடு, அயராத துல்லியம் ஆகியன இயந்திரத்தின் பங்கு. எதிர்பாராததை உணர்ந்து, சூழ்நிலைக்கேற்ப முடிவெடுப்பது மனிதனின் பங்கு. பட்டியல் அறிவுக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. பின்பற்றும்போது நேர்வது வேறு. பொறியாளர்கள் தம்மால் இயந்திரத்துக்குக் கற்பிக்க முடிந்த அனைத்தையும் இயந்திரத்திடம் தந்துவிடுகின்றனர். கற்பிக்க முடியாதது எதுவோ அது மனிதனிடம் எஞ்சுகிறது. ஆய்ந்து ஒதுக்கப்பட்டதன்று, மிச்சமாக வந்து சேர்ந்ததே அவனுடைய பணி. பிரிட்டனைச் சேர்ந்த லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில் தானியங்கிமயத்தின் இம்முரண்பாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்துறை மாணவர் முதலில் படிக்கவேண்டிய கட்டுரை அதுவே.

மிச்சமாக வரும் பணிகள் இரண்டு. ஒன்று, இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, அது தவறும்போது வேலையைத் தானே ஏற்றுக்கொள்வது. இவ்விரண்டும் மனிதனுக்கு எளியவை என்று எண்ணியே பெரும்பாலான திட்ட மதிப்பீடுகள் தயாரிக்கப்படுகின்றன.

முதற்பணி எளிதன்று என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தெரியவந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ராடார் திரையின் முன் அமர்ந்திருந்தோர், நேரம் செல்லச் செல்லத் திரையில் தெரிந்த குறிகளையும் காணத் தவறினர். நார்மன் மாக்வொர்த் இதனை ஆராய ஒரு கடிகாரம் அமைத்தார். அதன் முள் விநாடிக்கு விநாடி ஒரே அளவு நகரும். எப்போதாவது இரு மடங்கு தாவும். தாவலைக் காணும்போது விசையை அழுத்தவேண்டும் என்பதே சோதனை. முதல் அரைமணி நேரத்துக்குள்ளாகவே காணும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்துவிட்டது என்று அவர் 1948-இல் எழுதினார். சோதனைக்கு உட்பட்டோர் சோம்பேறிகளல்லர். பயிற்சி பெற்ற இளைஞர்கள். அரிதாக நிகழும் ஒன்றுக்காக இடைவிடாது காத்திருப்பது மனித இயல்புக்கு ஒவ்வாத வேலை. இயந்திரத்தின் நம்பகம் கூடக்கூட நிகழ்ச்சி மேலும் அரிதாகிறது. காத்திருப்பது மேலும் கடினமாகிறது.

திறமையின் தேய்மானம்

இரண்டாம் பணியாகிய பொறுப்பேற்றல் இன்னும் கடினமானது. பொருளாதாரம் பயின்றோர் இதனை மூலதனக் கணக்காகவே நோக்கலாம். ஓட்டுநரின் திறமையும் ஒரு மூலதனம். அதை உருவாக்க ஆண்டுகளும் பணமும் செலவாகின்றன. ஆனால் அதன் தேய்மானம் இயந்திரத்தின் தேய்மானத்துக்கு நேர்மாறானது. இயந்திரம் ஓடினால் தேய்கிறது. திறமை ஓடாதிருந்தால் தேய்கிறது. தானியங்கிக் கருவியை வாங்கும் நிறுவனம் அதன் தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்கிறது. அக்கருவியின் வரவால் விரைந்து தேயத் தொடங்கும் மனிதத் திறமைக்குக் கணக்கில் தலைப்பே இருப்பதில்லை.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து, அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள் அடைத்துக்கொண்டதால் வேக அளவுகள் முரண்பட்டன. தானியங்கி ஓட்டம் தானே விலகிக்கொண்டது. அக்கணம் வரை விமானத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லை. பொறுப்பு திடீரென்று கைக்கு வந்தபோது, துணை விமானி விமானத்தின் மூக்கை மேல்நோக்கி இழுத்தார். விமானம் ஏந்துவிசையை இழந்து விழத் தொடங்கியது. எச்சரிக்கை ஒலித்தும், விமானிகள் தம் நிலையை உணரவில்லை. பெரும் உயரத்தில் விமானத்தைக் கையால் செலுத்தும் வாய்ப்பு அன்றாடப் பணியில் விமானிகளுக்குக் கிட்டுவதேயில்லை. அதற்கெனத் தனிப் பயிற்சி தேவை என்று விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. இயந்திரம் கடினமான நேரத்தில்தான் விலகிக்கொள்ளும் என்பதைக் கவனிக்கவேண்டும். எளிய நேரத்தில் விலக அதற்குக் காரணமில்லை.

இயந்திரம் என்ன செய்துகொண்டிருக்கிறது?

பொறுப்பேற்பவருக்குத் திறமை இருந்தாலும் போதாது. அக்கணத்தில் இயந்திரம் எந்நிலையில் உள்ளது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கு அணைந்திருந்தது. அணைந்த விளக்கு, வால்வு மூடிவிட்டது என்று பொருள்படுவதாக ஊழியர் எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு வால்வு மூடியதா என்பதைக் காட்டுவதற்காக இணைக்கப்படவேயில்லை; மூடும்படி ஆணை சென்றது என்பதை மட்டுமே அது காட்டியது. முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன. எது முதன்மையானது, எது அதன் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை. உலையில் நீர் மிகுந்துவிட்டதாகத் தவறாகக் கருதிய ஊழியர்கள், தானாகவே இயங்கத் தொடங்கிய அவசரக் குளிர்நீரைக் குறைத்தனர். உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது. ஆணை நிறைவேறியது என்பதும் ஆணை இடப்பட்டது என்பதும் வெவ்வேறு செய்திகள். அரசு அலுவலகங்களில் பணியாற்றுவோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை!

நம் நாட்டிலும் இத்தகைய படிப்பினை உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320 ரக விமானங்களை 1989-இல் பயன்படுத்தத் தொடங்கியது. 1990 பிப்ரவரி 14 அன்று அவற்றுள் ஒன்று பெங்களூரில் இறங்குகையில் ஓடுபாதைக்கு முன்னரே தரையில் மோதி, 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். அவ்விமானத்தில் இறங்கும் முறைகள் பல. எம்முறை தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதற்கேற்ப எஞ்சின்களின் விசையைக் கணிப்பொறி தீர்மானிக்கும். அன்று தேர்வாகியிருந்த முறையில் எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையிலேயே இருந்தன. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் அதை உணர்ந்து விசையைக் கூட்டியபோது, எஞ்சின்கள் முழு வலுவை அடையத் தேவையான சில விநாடிகள் மீதமில்லை. பழைய விமானங்களில் எஞ்சின் விசை மாறும்போது கைப்பிடியும் உடன் நகரும். கை அதை உணரும். இப்புதிய ரகத்தில் கைப்பிடி நிலையாக நின்றது. கண் மட்டுமே காவல்.

ரங்காபானியில் நேர்ந்தது

தொழில்நுட்பத்தின் உச்சியில் மட்டுமே இச்சிக்கல் எழும் என்று எண்ணவேண்டாம். காகிதப் படிவமும் கையொப்பமும் கொண்டு இயங்கும் இடத்திலும் அது எழுகிறது. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்காளத்தில் நியூ ஜல்பாய்குரியை அடுத்த ரங்காபானி அருகே, நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரசின் பின்புறத்தில் ஒரு சரக்கு வண்டி மோதியது. பயணிகளும் சரக்கு வண்டியின் ஓட்டுநரும் உயிரிழந்தனர்.

அப்பகுதியில் இருந்தவை தானியங்கி சிக்னல்கள். இம்முறையில் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதை சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னே செல்லும் வண்டி ஒரு துண்டில் இருக்கும்வரை அதன் பின்னுள்ள சிக்னல் தானே சிவப்பாகும். வண்டி விலகியதும் தானே மாறும். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வண்டிகளை அனுப்ப முடிவதே இதன் பயன். சிக்னல் சிவப்பாக இருந்தால் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் வண்டியை நிறுத்திப் பின், எதிரே தடை தென்பட்டால் நிறுத்தக்கூடிய வகையில் மிகுந்த எச்சரிக்கையுடன் மெல்லச் செல்லவேண்டும் என்பது விதி.

அன்று அதிகாலை முதலே அங்குச் சிக்னல்கள் பழுதாகியிருந்தன. எனவே, சிவப்பு சிக்னல்களைக் கடந்து செல்ல ஓட்டுநர்களுக்கு நிலையத்திலிருந்து எழுத்து மூலம் அனுமதி வழங்கப்பட்டது. அதாவது, இயந்திரம் விலகிக்கொண்டது. பொறுப்பு மனிதர் கைக்கு வந்தது. அனுமதிச் சீட்டில் வேக வரம்பு குறிக்கப்படவில்லை. அச்சூழ்நிலைக்கு உரிய படிவமும் அதுவன்று என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது. சீட்டைப் பெற்ற ஓட்டுநர்கள் அதை வெவ்வேறு விதமாகப் பொருள் கொண்டனர். காஞ்சன்ஜங்காவின் ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மெல்லச் சென்றார். அன்று அவ்வழியே சென்ற பிறர் அவ்வாறு செய்யவில்லை. விதியைக் கடைப்பிடித்த வண்டியே மோதப்பட்டது என்பது வேதனைக்குரியது.

விபத்து நடந்த அன்று வெளிவந்த செய்திகள், சரக்கு வண்டியின் ஓட்டுநர் சிக்னலை மீறினார் என்றே கூறின. அவரோ பதில் கூற உயிருடன் இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அத்துடன் நிற்கவில்லை. (இவ்வாணையம் ரயில்வே அமைச்சகத்துக்கு அன்றி, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டது, அதன் முடிவுகளுக்கு உள்ள மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.) தானியங்கி சிக்னல் பழுதாகும்போது என்ன செய்வது என்பதில் ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை, இத்தகைய விபத்து என்றேனும் நேரக்கூடிய நிலையே அங்கு நிலவியது என்பது ஆணையரின் கருத்து. ஒருவர் மட்டும் தவறாகப் புரிந்துகொண்டால் அது அவர் பிழை எனலாம். பலரும் ஒரே காலையில் ஒரே சீட்டைத் தவறாகப் புரிந்துகொண்டால் பிழை சீட்டிலும், அச்சீட்டு வழங்கப்பட்ட முறையிலும் இருக்கிறது.

இங்கு இன்னொன்றும் கருதத்தக்கது. சிக்னல் சாதனங்கள் சீராக இயங்கும் நாள்கள் மிகப் பல; பழுதாகும் நாள்கள் மிகச் சில. ஒரு நிலைய அதிகாரி, பல மணி நேரம் பல சிக்னல்கள் ஒருங்கே பழுதான நிலையைத் தம் பணிக்காலத்தில் அரிதாகவே சந்திக்கலாம். ஆயினும் விதிப் புத்தகத்தின் மிகச் சிக்கலான பக்கங்கள் அந்நாளுக்கே எழுதப்பட்டவை. வழக்கமான வேலைக்கு நினைவு போதும். அரிய வேலைக்குப் புத்தகம் தேவை. அப்போதுதான் தொலைபேசி ஓயாது ஒலிக்கிறது, வண்டிகள் வரிசையில் காத்திருக்கின்றன, காலந்தவறாமை பற்றி மேலிடம் கேட்கிறது.

எதிரில் உள்ளவரும் மறைவில் உள்ளவரும்

எல்லா விபத்துகளிலும் ஓட்டுநரின் செயல்திறனைத் தேடுவதும் தவறு. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை சிக்னலைக் கண்டே பஹானகா பஜார் நிலையத்தினுள் விரைந்தது. ஆனால் பாதை, சரக்கு வண்டி நின்றிருந்த பக்கத் தடத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சுற்றில் முன்னர் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த இணைப்புப் பிழைகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. பச்சையை நம்புவதே ஓட்டுநரின் கடமை, நம்பினார். இங்கு அமைப்பை இயக்கிய மனிதர், கம்பிகளை இணைத்தவரும் அவற்றைச் சோதித்தவரும் ஆவர். தானியங்கிமயம் பெருகும்போது மனிதப் பிழை மறைவதில்லை. ஓட்டுநர் அறையிலிருந்து பராமரிப்பு அறைக்கு இடம்பெயர்கிறது. பழுது நீக்குவோரின் வேலை நேரம், அவர்கள் கையிலுள்ள வரைபடங்கள் சரியானவையா என்பது, வேலை முடிந்தபின் சோதிக்க அவர்களுக்கு அளிக்கப்படும் கால அவகாசம் ஆகியன இனி ஓட்டுநரின் ஓய்வு நேரத்துக்கு ஒப்பான முக்கியத்துவம் பெறவேண்டியவை.

கவச் திட்டமும் கணக்கில் வராத செலவும்

சிக்னலை ஓட்டுநர் காணத் தவறும்போது வண்டியைத் தானே நிறுத்தும் கவச் என்னும் அமைப்பு, ரயில்வேயின் ஆராய்ச்சி நிறுவனத்தால் இந்தியத் தொழிலகங்களுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. பயணி வண்டிகளில் 2016-இல் சோதனை தொடங்கியது. 2020-இல் நாட்டின் தானியங்கி ரயில் பாதுகாப்பு முறையாக அது ஏற்கப்பட்டது. முதலில் தென் மத்திய ரயில்வேயில் 1,465 கி.மீ. தொலைவுக்கு அமைந்தது. தண்டவாளக் கட்டைகளில் பதித்த அடையாளச் சில்லுகளிலிருந்து வண்டி தன் இடத்தை அறிந்துகொள்கிறது; நிலையத்துடன் ரேடியோ மூலம் பேசுகிறது; வரவிருக்கும் சிக்னலின் நிறத்தை ஓட்டுநரின் எதிரே திரையில் காட்டுகிறது. வட இந்தியாவின் குளிர்காலப் பனிமூட்டத்தில் இது பெரும் வரம். இதன் தேவை குறித்து இருவேறு கருத்து இருக்க முடியாது. ரங்காபானி விசாரணையும் இத்தகைய பாதுகாப்பை விரைந்து அமைக்கவே பரிந்துரைத்தது.

எனினும், கவச் வந்த தடத்தில் ஓட்டுநரின் வேலை என்னவாகிறது என்பதைத் திட்டமிடுவோர் முன்கூட்டியே ஆராய்வது நல்லது. நம் ரயில்வேயில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லவேண்டும் என்ற விதி நெடுநாளாக உள்ளது. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் விரலால் சுட்டியும் வாயால் சொல்லியும் உறுதிசெய்யும் பழக்கம் இதைப் போன்றதே. பார்ப்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இவ்வழக்கம், பொத்தானை அழுத்தும் கருவி செய்யத் தவறியதைச் செய்கிறது. கையை மட்டுமன்றிக் கண்ணையும் வாயையும் கருத்தையும் ஒருங்கே ஈடுபடுத்துகிறது. திரையில் நிறம் தெரியும்போது, வெளியே பார்த்துச் சொல்லும் பழக்கம் தளரும். திரையைப் பார்த்துச் சிக்னலைச் சொல்லும் ஓட்டுநர், ஒரே சாட்சியை இருமுறை விசாரிப்பவர் ஆகிறார்.

கவச் உள்ள தடமும் இல்லாத தடமும் பல ஆண்டுகள் அருகருகே இருக்கும். ஏறத்தாழ 69,000 கி.மீ. பாதை கொண்ட ரயில்வேயில் இது தவிர்க்க முடியாதது. ஒரே ஓட்டுநர் ஒரே பயணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வார். எல்லையைக் கடந்ததும் காவல் விலகிவிட்டது என்பதைத் திரை காட்டும். அவர் மனம் அதை அதே விநாடியில் ஏற்குமா என்பதே கேள்வி. தேவையற்ற இடத்தில் கருவி பிரேக் பிடிப்பதும் சிறு குறையன்று. சிலமுறை வீணாக நிறுத்திய கருவியை, அது மெய்யாக எச்சரிக்கும்போதும் ஐயத்துடனே ஊழியர் நோக்குவர்.

ஆகவே, தடத்துக்கும் எஞ்சினுக்கும் கோபுரத்துக்கும் ஆகும் செலவை மதிப்பிடும்போது, ஓட்டுநரின் திறமையைத் தேயாமற் காக்கும் செலவையும் அதே மதிப்பீட்டில், தொடர்செலவாக, சேர்த்தல் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் உள்ள பாவனை எஞ்சினில், எல்லாம் சீராக இயங்கும் பயணத்தை ஓட்டிக்காட்டுவதால் பயன் குறைவு. கருவி பாதிவழியில் செயலிழந்த பயணம், ஐந்து சிக்னல்கள் ஒருங்கே பழுதான காலை, வேகம் குறிக்கப்படாத அனுமதிச் சீட்டு ஆகியவற்றை ஆண்டுதோறும் அவர் முன் வைக்கவேண்டும். சீட்டு சரியில்லை என்று கூறி வண்டியை எடுக்க மறுத்த ஓட்டுநரின் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அந்த அலுவலகத்துக்கும் பயிற்சி தேவை.

கவச் இயங்கும் முறைகளுக்குப் பல பெயர்கள் உள்ளன. முழுக் கண்காணிப்பு, வரம்புள்ள கண்காணிப்பு, கண்ணால் கண்டு செல்லுதல் எனப் போகும் அப்பட்டியலில், ஊழியர் பொறுப்பு என்ற பெயரும் ஒன்று. பாதையைப் பற்றிய செய்தி கருவிக்கு இன்னும் கிட்டாதபோது வண்டி அந்நிலையில் செல்லும். அப்போது திரையில் அச்சொற்கள் தோன்றும். அதனெதிரே அமர்ந்திருப்பவர் அடுத்த சிக்னலைத் தம் கண்ணால் தேடிக் காணவேண்டும்.